வெட்டிய ஈரலும் வீடு வந்த காய்ச்சலும்

புத்தளத்துக்குப் போகும் ரயில் பாதை ராகமவில்தான் பிரிகிறது. கொழும்பிலிருந்து வரும் பிரதான பாதையை அங்கே விட்டுவிட்டு, நீர்கொழும்பு, சிலாபம் என்று கடலோரமாகவே ஓடிப் புத்தளத்துக்கு வந்து சேர்கிறது. கல்லீரலைப் பற்றிய கட்டுரையில் ரயில் பாதை எதற்கு என்று கேட்கலாம். நாட்டில் ஈரல் சத்திரசிகிச்சை நடக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று ராகமவிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை. கற்பிட்டிக் குடாநாட்டில், குறிஞ்சிப்பிட்டி போன்ற ஓர் ஊரில் ஒருவருக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தால், பாலாவி, சிலாபம் கடந்து அவர் போகக்கூடிய இடம் அது. போகும்போது ஸ்கான் படங்களும் கிளினிக் கொப்பியும் கையில். வரும்போது வயிற்றில் ஒரு நீண்ட தையல், உள்ளே பழைய அளவில் பாதி ஈரல்.

அப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்கிறேன். ஐம்பத்தைந்து வயது. வெங்காயமும் மிளகாயும் வைக்கிற மணல் தோட்டம் ஒன்று, வசதிப்பட்ட மாதங்களில் கடல். பத்து வருஷமாகச் சீனி வருத்தம். கள், சாராயம் எதையும் தொட்டதில்லை. “குடிக்காத மனுசனுக்கு ஈரலில என்ன வருத்தம்?” என்று ஊரில் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பதில் ராகமவிலேயே கிடைத்திருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமவில் இருக்கிறது. அங்குள்ளவர்கள் 2007இல் அந்தப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையான 2,985 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 32.6 சதவீதமானவர்களுக்கு மதுவோடு சம்பந்தமில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. மூன்றில் ஒருவர். இலங்கையில் மஞ்சள்காமாலை பி, சி வைரஸ்கள் அயல்நாடுகளோடு ஒப்பிட்டால் குறைவு. அதனால் இங்கே ஈரல் புற்றுநோய்க்கான விளைநிலம் பெரும்பாலும் கொழுப்பும் சீனி வருத்தமும்தான். நம் மனிதருக்கும் அதுவே. ஈரல் இன்னும் முழுதாகச் சுருங்கி இறுகிவிடவில்லை என்பதால், வலப்பக்கத்தை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். எடுத்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் இரவு, “வாப்பாவுக்குக் குளிருதாம்” என்று மகள் சொல்கிறாள். போர்வை கொண்டுவருகிறார்கள். இரண்டு பனடோல் கொடுக்கிறார்கள். காலையில் வியர்த்து, சூடு இறங்கிவிடுகிறது. வீடு நிம்மதியாகிறது.

அந்தக் குளிர் தணிந்ததும் ஏன் நிம்மதியாகிவிடக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

*

ஈரலைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது பித்தம் சுரக்கும், சீனியைச் சேமிக்கும், நஞ்சை முறிக்கும் என்பது. ஒரு காவல் உறுப்பு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மண்ணீரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டோம். ஆனால் இரத்தம் ஓடும் வழியைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதற்குள் நிமிஷத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் இரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு இதயத்திலிருந்து நேராக வருவதில்லை. குடலைச் சுற்றிவிட்டு, ஈரல் வாயினாளம் வழியாக வருகிறது. குடல் உடம்புக்குள் இருக்கும் வெளியுலகம். கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் குடியிருக்கும் இடம். அவற்றில் சிலவும், அவற்றின் உடைந்த துண்டுகளும், குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர்வது சுகதேகியிலும் நடப்பதுதான். அந்த இரத்தம் உடம்பின் மற்ற இடங்களுக்குப் போகும் முன் ஈரலைக் கடந்தாக வேண்டும்.

அங்கே காத்திருப்பவை குப்ஃபர் கலங்கள். ஈரலின் நுண்ணிய இரத்தக் கால்வாய்களில் உட்சுவரோடு ஒட்டி, ஓட்டத்துக்குள் கைகளை நீட்டிக்கொண்டு இருப்பவை. களப்பின் ஒடுங்கிய வாயில் நீரோட்டத்துக்குக் குறுக்கே கட்டிய வலையை நினைத்துக்கொள்ளுங்கள். வலை எங்கும் அலைவதில்லை, நீர்தான் அதைத் தேடி வருகிறது. உடம்பில் ஓரிடத்தில் நிலையாகத் தங்கி கிருமிகளை விழுங்கும் கலங்களில் 80 முதல் 90 சதவீதம் ஈரலில்தான் இருக்கின்றன. 1876இல் கார்ல் வில்ஹெல்ம் வொன் குப்ஃபர் தங்கச் சாயம் ஏற்றிப் பார்த்து, ஈரலில் நட்சத்திர வடிவக் கலங்களைக் கண்டார். அவர் அவற்றின் வேலையைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. கால்வாய்களில் காத்திருப்பவை விழுங்கும் கலங்கள் என்று 1898இல் சொன்னவர் போலந்துக்காரரான ததேயூஷ் ப்ரோவிச். பெயர் என்னவோ முதல்வருக்கே நிலைத்துவிட்டது.

இது மனிதரில் உண்மையாகவே நடக்கிறதா என்பதைக் காட்டிய ஒரு பழைய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. 1945இல் அமெரிக்காவில் போல் பீசன், எம்மெட் ப்ரானன், ஜேம்ஸ் வாரன் மூவரும் இதய வால்வில் பக்டீரியா குடிகொண்ட நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த நோயில் கிருமிகள் ஓயாமல் இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். இரத்த நாளத்தினூடாக ஒரு மெல்லிய குழாயை ஈரலிலிருந்து வெளியேறும் நாளம் வரை செலுத்தி, அங்கிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். தமனி இரத்தத்தையும் எடுத்தார்கள். இரண்டையும் வளர்த்துக் கிருமிகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டார்கள். ஈரலுக்குள் போன இரத்தத்தைவிட வெளியே வந்த இரத்தத்தில் கிருமிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. கைகால்களைச் சுற்றிவந்த இரத்தத்தில் அப்படிக் குறையவில்லை. ஒரு குழாய், சில வளர்ப்புத் தட்டுகள், எளிய எண்ணிக்கை. ஈரலின் காவல் அதில் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

கலங்கள் மட்டும் போதாது. கிருமியின் மேல் அடையாளம் ஒட்டும் நிரப்புப் புரதங்கள், இரும்பைப் பூட்டிவைக்கும் கட்டளையைக் கொடுக்கும் ஹெப்சிடின், அழற்சி நேரத்தில் பெருகும் பல புரதங்கள் என்று உடம்பின் முதல் வரிசைப் பாதுகாப்புக்கு வேண்டிய சரக்கில் பெரும்பகுதியை ஈரல் கலங்களே தயாரிக்கின்றன. அடையாளம் ஒட்டப்பட்ட கிருமியைப் பற்றிப் பிடிக்க குப்ஃபர் கலத்தில் தனியான ஓர் ஏற்பி இருக்கிறது என்பது 2006இல் எலிகளில் தெரியவந்தது. முத்திரை குத்துபவரும் பிடிப்பவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். கூரையில் பாதியைப் பிரித்தால் இரண்டு வேலையும் ஒன்றாகவே குறையும்.

*

ஈரல் வெட்ட வெட்ட வளரும் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. மேல்நாட்டு எழுத்தாளர்கள் இதைச் சொல்ல வந்தால் உடனே கிரேக்கப் புராணத்துக்குப் போய்விடுவார்கள். நமக்கு வேலியோர முருங்கை போதும். ஆனால் முருங்கை உவமையிலும் ஒரு பிழை இருக்கிறது. முருங்கை வெட்டிய இடத்தில் தளிர்க்கும். ஈரலில் வெட்டிய பகுதி திரும்ப முளைப்பதில்லை. மிஞ்சிய பகுதி பருக்கிறது. 1931இல் ஹிகின்ஸ், அண்டர்சன் இருவரும் எலிகளில் மூன்றில் இரண்டு பங்கு ஈரலை எடுத்துக் காட்டிய முறை இன்றுவரை ஆய்வுகூடங்களில் அப்படியே பின்பற்றப்படுகிறது. எலியில் ஒரு வாரம், பத்து நாளில் பழைய எடை வந்துவிடும். மனிதரில் முதல் இரண்டு வாரம் வேகமாகவும் பிறகு மாதக்கணக்கில் மெதுவாகவும் நடக்கிறது.

இங்கேதான் சிக்கல். எலியின் ஈரலை வெட்டிய 24 மணித்தியாலத்தில் ஈரல் கலங்கள் பிரிந்து பெருகுவது உச்சத்துக்கு வருகிறது. குப்ஃபர் கலங்கள் பெருகுவது அதற்கு ஒரு நாள் பிந்தி. இரத்தக் கால்வாயின் உட்சுவர்க் கலங்கள் இன்னும் பிந்தி, நாலாம் நாளளவில். வீடு கட்டும்போது முதலில் கொத்தனாரும் கூலியாட்களும் வந்து சேர்கிறார்கள், காவல்காரன் பிந்தித்தான் வருகிறான். அந்த இடைவெளியில் குடலிலிருந்து வரும் இரத்தம் நிற்பதில்லை. முன்பு முழு ஈரலுக்கும் பங்கிட்ட அதே இரத்தம் இப்போது பாதி இடத்துக்குள் திணிகிறது. ஓட்டம் வேகம். பிடிக்கும் கைகள் குறைவு. வாயினாளத்தில் அழுத்தம் ஏறினால் குடல் சுவர் வீங்கும், கசிவு கூடும். சத்திரசிகிச்சையின்போது இரத்தப்போக்கைத் தடுக்க ஈரலுக்குப் போகும் நாளங்களைச் சற்று நேரம் இறுக்கிப் பிடிப்பார்கள். கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஹோகார்த் ப்ரிங்கிள் 1908இல் எழுதிய உபாயம் அது. உயிர் காக்கும் உபாயம்தான். ஆனால் பிடித்திருக்கும் நேரத்தில் குடலில் இரத்தம் தேங்குகிறது, விட்டதும் ஈரல் கலங்கள் ஒரு அடி வாங்குகின்றன.

சரி, குடலிலிருந்து வரும் கிருமித் துண்டுகளை முற்றாகத் தடுத்துவிட்டால் பிரச்சினை தீருமா? தீராது. ஈரல் வளர்ச்சி ஆய்வுகளில் என்னை மிகவும் நிமிர்ந்து உட்காரவைத்த இடம் இது. குடலிலிருந்து வரும் பக்டீரியா நச்சு மிகச் சிறிய அளவில் குப்ஃபர் கலங்களைத் தட்டியெழுப்புகிறது. அவை இன்டர்லூக்கின் 6 போன்ற சமிக்ஞைகளை விடுகின்றன. அந்தச் சமிக்ஞை கேட்டுத்தான் ஈரல் கலங்கள் பெருகத் தயாராகின்றன. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இன்டர்லூக்கின் 6 இல்லாமல் பிறந்த எலிகளின் ஈரல் வெட்டிய பிறகு ஒழுங்காக வளரவில்லை, பல செத்துப்போயின. நிரப்புப் புரதம் இல்லாத எலிகளிலும் வளர்ச்சி தடைப்படுகிறது என்று 2003இல் கண்டார்கள். கிருமியை எதிர்க்கும் சமிக்ஞையும் ஈரலை வளர்க்கும் சமிக்ஞையும் ஒன்றேதான். அதை அடக்கினால் வளர்ச்சி நின்றுவிடும். அளவுக்கு மிஞ்சி எழும்பவிட்டால் அழற்சியே ஈரலைத் தின்னும். தொற்று வந்த ஈரல் வளராது, வளராத ஈரலால் தொற்றைத் தடுக்க முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு மருந்து வரும் என்று காத்திருப்பவர்களோடு நான் இல்லை. முடிச்சு விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இன்றுள்ள மருத்துவம்.

அதற்கு முதல் கேள்வி, எவ்வளவு மிச்சம் வைப்பது. எடின்பரோவில் 104 நோயாளிகளை வைத்துச் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒரு எண்ணைத் தந்தது. மிஞ்சும் ஈரல் 26.6 சதவீதத்துக்குக் கீழே போனால் ஈரல் கடுமையாகத் தளரும் ஆபத்து சட்டென்று ஏறுகிறது. தொற்றுக்கும் அப்படி ஓர் எல்லைக்கோடு கிடைக்கும் என்று பார்த்தார்கள். மிச்சம் குறையக் குறையத் தொற்றுக் கூடியது உண்மை, ஆனால் இன்னாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல அந்த எண் உதவவில்லை. பெரிய அளவில் வெட்டியவர்களில், ஈரல் தளர்ந்தவர்களுக்கே தொற்று அதிகம் வந்தது. அளவைவிட வேலைத்திறன் முக்கியம் என்று இதை நான் வாசிக்கிறேன். கொழுப்பு படிந்த ஈரலில் நாற்பது சதவீதம் மிஞ்சினாலும், அது சுகமான ஈரலின் நாற்பது சதவீதம் ஆகாது. மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் உள்ள நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

*

இனி வார்டுக்குள் போவோம். கட்டிலின் ஓரத்தில் ஒரு சிறிய பை தொங்குகிறது. வயிற்றின் வலப்பக்கத்தில் தோலைத் துளைத்து வரும் ஒரு குழாயின் மறுமுனை அது. முதல் நாள் அதில் வருவது இரத்தம் கலந்த நீர். அடுத்தடுத்த நாள்களில் நிறம் வெளுத்து, தண்ணீர் கூடிய பிளேன்டி மாதிரி ஆக வேண்டும். காலையில் மிஸ்ஸி வந்து பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், அளவைக் குறிப்பார். அது நல்லெண்ணெய் நிறத்துக்குத் திரும்பினால், பிறகு பச்சையாகினால், அவருடைய முகமும் மாறும். பித்தம் கசிகிறது என்று அர்த்தம்.

ஈரலை வெட்டிய முகத்தில் கண்ணுக்குத் தெரியாத பித்தக்கான்கள் பல திறந்திருக்கும். தைத்தும் சுட்டும் அடைத்தாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். இதைப் பற்றி எல்லோரும் ஒரே அளவுகோலில் பேச வேண்டும் என்பதற்காக 2011இல் சர்வதேசக் குழு ஒன்று வரையறை வகுத்தது: மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ குழாய் நீரிலுள்ள பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி, இரத்தத்திலுள்ளதைவிட மூன்று மடங்கு இருந்தால் அது பித்தக் கசிவு. கசிந்த பித்தம் வெட்டிய இடத்தில் குட்டை கட்டுகிறது. அருகே இறந்த திசுவும் உறைந்த இரத்தமும். இரத்தத்தில் ஓடும் எந்தப் பாதுகாப்புக் கலமும் எளிதில் எட்டாத இடம். கிருமிக்கு இதைவிட வசதியான இருப்பிடம் கிடைக்காது. வீட்டுக்கு வந்தபின் குளிர்காய்ச்சல் வருவதற்குப் பொதுவான காரணங்களில் ஒன்று இப்படித் தேங்கிய சீழ்தான். வெளித்தையல் அழகாக ஆறியிருக்கும். உள்ளே நடப்பது வெளியே தெரியாது.

கட்டியினால் பித்தக்கான் அடைபட்டவர்களுக்கு, சத்திரசிகிச்சைக்கு முன்பே வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுப்பதுண்டு. அதனால் மஞ்சள் இறங்கும். ஆனால் அந்தக் குழாயோடு குடல் கிருமிகள் பித்தத்துக்குள் ஏறிவிடுகின்றன. பிறகு வெட்டும்போது கசிவது கிருமியுள்ள பித்தம். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் சத்திரசிகிச்சையின்போது பித்தத்தைச் சிறிது எடுத்து வளர்ப்புக்கு அனுப்பிவைப்பார்கள். பின்னால் காய்ச்சல் வந்தால் எந்த அன்டிபயோட்டிக் என்று இருட்டில் தடவத் தேவையில்லை.

ஐந்தாம் நாள் என்பது இந்த வார்டுகளில் ஒரு மைல்கல். பிரான்ஸிலிருந்து 2005இல் வெளிவந்த ஒரு விதி எளிமையால் பேர்பெற்றது: ஐந்தாம் நாளில் இரத்தம் உறையும் திறன் வழமையின் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்து, பிலிருபின் லீற்றருக்கு 50 மைக்ரோமோலுக்கு மேலே இருந்தால், அந்த நோயாளிகளில் 59 சதவீதமானவர்கள் பிழைக்கவில்லை. அப்படிப்பட்டவர்களைக் கடைசியில் கொண்டுபோவது பல வேளைகளில் தொற்றுதான். இறப்புத் துண்டில் ‘இரத்தத்தில் கிருமி’ என்று எழுதியிருக்கும். கதை தொடங்கியது ஈரலில்.

இன்னொரு பொறியையும் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் என்றால் உடனே எடுக்கும் இரத்தப் பரிசோதனை சி.ஆர்.பி. என்ற புரதத்துக்கானது. அது ஏறியிருந்தால் தொற்று, ஏறாவிட்டால் பயமில்லை என்று நினைக்கப் பழகிவிட்டோம். அந்தப் புரதத்தைத் தயாரிப்பதே ஈரல்தான். பெரும்பகுதி ஈரலை எடுத்தவரில், குறிப்பாக மிச்ச ஈரல் தளர்ந்தவரில், தொற்று இருந்தும் சி.ஆர்.பி. எதிர்பார்த்த அளவு ஏறாது. மணியடிக்க வேண்டியவனே படுக்கையில் கிடந்தால் மணி ஒலிக்காது. குறைந்த எண்ணைப் பார்த்து ஆறுதல்படும் முன், இவருக்கு எவ்வளவு ஈரல் மிச்சம் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைச் சிறிய வைத்தியசாலைகளில் கேட்கவைப்பது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

தடுக்க என்ன செய்யலாம் என்பதில் பலரும் முதலில் நினைப்பது அன்டிபயோட்டிக்கைக் கூட்டிக் கொடுப்பது. ஜப்பானில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஈரல் வெட்டிய பிறகு நாள்கணக்கில் அன்டிபயோட்டிக் பெற்றவர்களுக்கும், சத்திரசிகிச்சை நேரத்து மருந்தோடு நிறுத்தியவர்களுக்கும் தொற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காரணம் விளங்கக்கூடியதே. காவல் குறைந்ததால் வந்த பிரச்சினையை விஷம் தூவித் தீர்க்க முடியாது. தூவினால் குடலில் எஞ்சுவது விஷத்துக்கு அஞ்சாத கிருமிகள்.

அஞ்சாத கிருமிகள் என்றால் தமிழர்களுக்கு அடுத்த வீட்டுச் செய்தி. 2010இல் லான்செட் சஞ்சிகையின் தொற்றுநோய்ப் பிரிவில் என்டிஎம் 1 என்ற நொதியைப் பற்றி வந்த ஆய்வு உலகத்தைக் கலக்கியது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் நொதி அது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44 மாதிரிகள், ஹரியானாவில் 26, பிரித்தானியாவில் 37 என்று அந்த நொதி உள்ள பக்டீரியாக்களைக் காட்டினார்கள். நொதிக்குப் புதுடில்லியின் பெயரை வைத்ததால் இந்தியாவில் எழுந்த கோபம் வேறு கதை. இரண்டு வருஷத்தில், 2012இல், அன்டிபயோட்டிக்கை அளவோடு பயன்படுத்தச் சொல்லும் சென்னைப் பிரகடனமும் அதே நகரத்தில்தான் பிறந்தது. ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு இலங்கையிலிருந்து வசதியுள்ளவர்கள் போகும் நகரமும் அதுதான். அங்குள்ள சத்திரசிகிச்சை நிபுணர்களின் கைத்திறனில் குறையில்லை. ஆனால் ஈரல் மாற்றியவருக்கு, வெட்டியவருக்கு உள்ள ஆபத்தோடு இன்னொன்றும் சேர்கிறது. புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க ஆயுள் முழுவதும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுக்க வேண்டும். வெட்டியவரின் காவல் வாரங்களில், மாதங்களில் திரும்பிவிடும். மாற்றியவரின் காவலை நாமே கட்டிப்போட்டிருக்கிறோம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது ஊரில் சகஜம், அது தவறு.

பலன் தந்தவை எவை? சீனிக் கட்டுப்பாடு. ஜப்பானின் கோச்சி நகரத்தில் (கேரளத்துக் கொச்சியோடு குழப்ப வேண்டாம்) ஈரல், பித்தப்பாதை, கணையச் சத்திரசிகிச்சை நோயாளிகளின் சீனியை ஒரு செயற்கைக் கணையக் கருவியால் கட்டுப்படுத்தினார்கள். சீனியைச் சாதாரண அளவில் இறுக்கிப் பிடித்தவர்களில் காயத் தொற்று 4.1 சதவீதம், சற்றுத் தளர்த்தி விட்டவர்களில் 9.8 சதவீதம். 2014இல் வெளிவந்த முடிவு அது. அந்தக் கருவி எல்லா இடத்திலும் கிடைக்காது, கருவியில்லாமல் இவ்வளவு இறுக்கினால் சீனி அபாயமாக இறங்கிவிடவும் கூடும். ஆனால் ‘ஒபரேஷன் முடியட்டும், சீனியைப் பிறகு பார்ப்போம்’ என்ற நம்மூர்ப் பேச்சுக்கு அந்த எண்களில் இடமில்லை. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த அன்றே சீனியைப் பிடிக்கத் தொடங்க வேண்டும்.

அடுத்தது குடல். நகோயாவில் பித்தப்பாதைப் புற்றுநோய்க்காக ஈரலை வெட்டப் போகும் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். இறுதிவரை ஆய்வில் இருந்தவர்கள் 81 பேர். ஒரு பகுதியினருக்கு நல்ல பக்டீரியாவும் அதற்கு உணவான நாரும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு முன்பும் பின்பும். முதல் குழுவில் தொற்று வந்தவர்கள் 30 சதவீதம். இரண்டாம் குழுவில் 12 சதவீதம். 2006இல் இது வெளிவந்தபோது எனக்கும் நம்பச் சற்றுக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். எண்ணிக்கை சிறியது, எல்லா ஆய்வுகளும் இவ்வளவு அழகான முடிவைத் தருவதில்லை. யாரும் இதைப் படித்துவிட்டுக் கடையில் போத்தல் வாங்கிக் குடிக்கக் கிளம்ப வேண்டாம், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவருக்கு உயிருள்ள பக்டீரியாவே தொற்றாகலாம். ஆனால் அந்த ஆய்வு காட்டும் திசை சரி. குடலைக் காயவிடாமல், வாய்வழி உணவைச் சீக்கிரம் தொடங்கினால் குடல் சுவர் உறுதியாக இருக்கும். ‘வயிறு வெட்டினவருக்குக் கஞ்சித் தண்ணிதான்’ என்று வாரக்கணக்கில் பட்டினி போடும் பாசத்தை வைத்தியர்கள் இன்று விரும்புவதில்லை.

வெட்டும் முறையும் முக்கியம். ஒஸ்லோவில் 280 பேரில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வயிற்றைத் திறந்து செய்தபோது 31 சதவீதமானவர்களுக்குச் சிக்கல்கள், சிறு துளைகள் வழியாகச் செய்தபோது 19 சதவீதம். குடலிலிருந்து பரவிய கட்டிகளைச் சிறிய அளவில் வெட்டி எடுத்தவர்கள் அவர்கள். நம் மனிதரைப் போல் வலப்பக்கம் முழுவதையும் இழந்தவருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

*

இப்போது மறுபடி குறிஞ்சிப்பிட்டிக்கு. குடாநாட்டில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். பத்து நாளில் நடமாடத் தொடங்கும் மனிதர் மூன்றாம் வாரத்தில் தோட்டத்துக்கு ஒருநடை போய்ப் பார்க்காமல் இருக்கமாட்டார். போவதில் தப்பில்லை. என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

மண்ணில் ஒன்று இருக்கிறது. மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி ஈர மண்ணில் வாழ்வது. 1911இல் ரங்கூனில் அதை அடையாளம் கண்டவர்கள் அல்பிரட் விட்மோரும் அவருடைய துணையாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும். இலங்கையில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இந்த நோய், கடந்த இருபது வருஷத்தில் தேடிப் பார்த்தபோது பல மாகாணங்களில் தென்பட்டது. அவற்றில் புத்தளம் சேர்ந்த வடமேல் மாகாணமும் ஒன்று. அதிகம் பிடிபடுபவர்கள் சீனி வருத்தக்காரர்கள், மண்ணில் வேலை செய்பவர்கள். ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்குவது அதன் வழக்கம். வழமையாகக் கொடுக்கும் பல அன்டிபயோட்டிக்குகளுக்கு அடங்காது. ஈரல் வெட்டியவருக்குக் காய்ச்சல் வந்து, ஸ்கானில் சீழ் தெரிந்தால், ‘ஒபரேஷனால் வந்தது’ என்று எல்லோரும் உடனே முடிவுக்கு வருவார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் மண்ணோடு வாழ்பவரின் சீழை வளர்ப்புக்கு அனுப்பாமல் விடக் கூடாது.

கடலில் இன்னொன்று. விப்ரியோ வல்னிபிக்கஸ் என்பது வெதுவெதுப்பான, உப்பு மிதமான நீரில் வாழும் பக்டீரியா. கையில் நண்டு கடித்த, மீன்முள் குத்திய காயம் வழியாக நுழையும். அல்லது வேகாத சிப்பியோடு வயிற்றுக்குள் போகும். சுகதேகிகளில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஈரல் நோயாளிகளில் ஒரே நாளில் தோல் கறுத்து, கொப்புளம் கட்டி, உயிரைக் கொண்டுபோய்விடும். பிடிபட்டவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில் இறக்கிறார்கள். ஏன் ஈரல் நோயாளிகளை மட்டும் இவ்வளவு தாக்குகிறது என்பதற்கு 2015இல் கலிபோர்னியாவில் நல்ல விளக்கம் கிடைத்தது. அந்தக் கிருமிக்கு இரும்பு உயிர். ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் இரத்தத்தில் இரும்பு அலையாமல் பூட்டிவைக்கிறது. ஹெப்சிடின் இல்லாத எலிகளில் கிருமி கட்டுக்கடங்காமல் பெருகியது. ஊசி மூலம் ஹெப்சிடினுக்குப் பதிலியைக் கொடுத்தபோது எலிகள் பிழைத்தன. ஈரல் வலுவிழந்தால் இரும்புப் பெட்டியின் சாவி தொலைகிறது என்று சொல்லலாம். நம் ஊர்களில் சிப்பியைப் பச்சையாகத் தின்னும் பழக்கம் இல்லாதது ஒரு பாதுகாப்பு. வலை இழுத்துக் கையைக் கிழித்துக்கொள்ளும் பழக்கம் அப்படியில்லை. வயிற்றுத் தையல் ஆறி, ஈரல் சோதனைகள் ஒழுங்குக்கு வரும் வரை நண்டு வலையில் கைவைக்க வேண்டாம் என்று சொன்னால் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அந்த மூன்றாம் இரவுக் குளிருக்கு வருகிறேன். பனடோல் சூட்டை இறக்குகிறது, சீழை இறக்குவதில்லை. ஈரல் வெட்டி ஒரு மாதத்துக்குள் நடுங்கும் குளிர், கண் மஞ்சளாவது, வயிறு ஊதுவது, ஆள் வழமைக்கு மாறாகத் தூங்கி வழிவது, குழாய்த் துளையிலிருந்து மஞ்சள் பச்சையாகக் கசிவது, இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை பொறுக்காமல் கிளம்ப வேண்டும். ராகம நூறு கிலோமீட்டருக்கு அப்பால். முதலில் போகப்போவது கற்பிட்டிக்கோ புத்தளத்துக்கோதான். அங்கே இரவுக் கடமையில் இருக்கும் இளம் டொக்டருக்கு இந்த மனிதரைத் தெரியாது. வயிற்றில் தையலைப் பார்ப்பார், சூட்டைப் பார்ப்பார், சி.ஆர்.பி. எடுப்பார். அது பெரிதாக ஏறியிருக்காது.

அந்த நேரத்தில் உதவக்கூடியது ராகமவில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட் ஒன்றுதான். வீடுகளில் அதைக் குர்ஆன் வைக்கிற அலுமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, அவசரத்தில் மறந்து வருவார்கள். எடுத்துவந்தாலும் பல கார்ட்களில் ‘வலப்பக்க ஈரல் அகற்றப்பட்டது’ என்ற ஒரு வரிக்கு மேல் இருக்காது. வீட்டுக்கு அனுப்பும்போது மகள் கேட்டு எழுதுவிக்க வேண்டியவை மூன்று: மிஞ்சிய ஈரல் எத்தனை சதவீதம், பித்தத்தில் கிருமி வளர்ந்ததா, வளர்ந்தால் அது எந்த மருந்துக்கு அடங்கியது. கேட்கக் கூச்சமாக இருக்கலாம். வார்டில் சனம் நெருக்கமாக இருக்கும், டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டிருப்பார். கார்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும், அதில் எழுத மூன்று வரி போதும்.